காலிபருக்குள் கிடைத்த என் கைத்தடங்கள்

காரின் முன் சக்கரங்களுக்கு நானே புதிய பிரேக் பேடுகளைப் பொருத்தி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மாலை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது இடது முன் சக்கரத்தின் பக்கமிருந்து கருகல் வாடை வந்தது. பேடு புதிதாக இருக்கும்போது முதல் சில நாள்கள் லேசான வாடை வருவதுண்டு என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டக்கூடிய சாலையில் பத்து கிலோமீட்டர் சென்று நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் இரு பக்கங்களிலும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்குகளை அளந்து பார்த்தேன். வலப்பக்கம் 55 டிகிரி செல்சியஸ் காட்டியது, இடப்பக்கம் 160. பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி துல்லியமாக அளக்காது என்றாலும், இரு பக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் இடப்பக்கப் பிரேக் விடவில்லை.

பேடு மாற்றியதும் வந்த கோளாறு என்பதால், பேடுதான் சரியில்லை என்று நினைக்கத் தோன்றியது. ஆனால் கழற்றிய பழைய பேடுகளின் தோற்றம் நினைவுக்கு வந்தது. வெளிப் பேடு ஏறத்தாழப் பாதி தேய்ந்திருக்க, உள் பேடு அடித்தகடுவரை தேய்ந்து, அதுவும் ஒரு முனை தடித்தும் மறு முனை மெலிந்தும் ஆப்பு போலச் சரிந்திருந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டேன். பேடுகளை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிபர் தன் நோயை அந்தத் தேய்மானத்தில் எழுதிக் காட்டியிருந்தது, நான் படிக்கவில்லை.

பெரும்பாலான கார்களின் முன் சக்கரத்தில் இருப்பது மிதக்கும் வகைக் காலிபர். டிஸ்க்கின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு பிஸ்டன் இருக்கும். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிபரின் உடல் முழுவதும் பின்னால் நகர்ந்து, வெளிப் பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். அப்படி நகர்வதற்காக, அசையாத பிராக்கெட்டில் இரண்டு ஸ்லைடு பின்கள் இருக்கின்றன. பின்கள் இறுகிவிட்டால் வெளிப் பேடுக்கு வேலை இல்லை. சுமை முழுவதும் உள் பேடின்மேல் விழும். இரண்டில் ஒன்று மட்டும் இறுகினால் காலிபர் அந்த மூலையில் மாட்டிக்கொண்டு கோணலாக நிற்கும். பேடு ஆப்பு வடிவில் தேயும். பிஸ்டன் திரும்பாமல் நின்றாலும் உள் பேடுதான் முதலில் தேயும். ஆகவே என் பழைய பேடுகளை வைத்து ஒரு பின்னைச் சந்தேகிக்க முடிந்ததே தவிர, பிஸ்டனை விடுவிக்க முடியவில்லை.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. காலிபருக்கு வரும் ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பிய்ந்து தொங்கி, ஒருவழிக் கதவு போல வேலை செய்யக்கூடும். மிதிக்கும் விசைக்குத் திரவம் உள்ளே போய்விடும், பெடலை விட்டபின் திரும்பி வராது. குழாயின் குற்றத்துக்காகக் காலிபரைக் கழற்றி எறிந்தவர்கள் பலர். இதைப் பிரித்தறியும் சோதனை எளிது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை ஒருமுறை மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் திரவத்தையும் காற்றையும் வெளியேற்றுவதற்கான சிறு திருகாகிய காலிபரின் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். திரவம் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். குழாயையோ அதற்கு மேலே உள்ளவற்றையோ பார்க்க வேண்டும். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் கோளாறு காலிபரின் இயந்திர பாகங்களில்தான். என் வண்டியில் சில சொட்டுகள் மட்டும் கசிந்தன, சக்கரம் அசைந்துகொடுக்கவில்லை.

நிப்பிளைப் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடித்த நிப்பிளை அவசரப்பட்டுத் திருகினால் அது முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். அதன்பின் காலிபரைப் பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கே இடமிருக்காது. முந்தைய இரவே துரு இளக்கும் திரவத்தைத் தெளித்துவைத்து, அறுமுகப் பெட்டி ஸ்பேனரை மாட்டி, சிறு சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி, முன்னும் பின்னுமாக அசைத்துத்தான் நான் திறந்தேன்.

காலிபரைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டினேன். பிறகு பின்களை இழுத்தேன். மேல் பின் விரலுக்கே வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின் வரவில்லை. இடுக்கியால் பிடித்து, இடமும் வலமுமாகத் திருகி, கால் மணி நேரம் போராடியபின் வெளியே வந்தபோது அதன் நுனியிலிருந்த ரப்பர் உறை ஊறிய கடலைபோல் உப்பியிருந்தது. அதன்மேல் பழுப்பு நிற கிரீஸ் பிசின்போல் ஒட்டியிருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல்முறை பேடு மாற்றியபோது, கைக்குக் கிடைத்த பேரிங் கிரீஸை நானேதான் அந்தப் பின்களில் தாராளமாகத் தடவியிருந்தேன்.

பிரேக்கில் உள்ள ரப்பர் பாகங்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்னும் வகையைச் சேர்ந்தவை. பிரேக் திரவத்தை அது தாங்கும்; பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, பட்டால் உறிஞ்சி உப்பும். எல்லோரும் ‘பிரேக் ஆயில்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்; ஆனால் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்ற குறியீடுகளோடு விற்கப்படுவது கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்களால் ஆன திரவம். அதில் எண்ணெய் இல்லை. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றியவர்கள்கூட உண்டு. அவர்களுக்குக் காலிபரோடு சேர்ந்து, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களும் போகும். பின்களுக்கு உரியது சிலிகோன் கிரீஸ், அல்லது பிரேக் ரப்பருக்கென்றே விற்கப்படும் சிவப்பு நிற கிரீஸ். மேல் பின்னில் உறை இல்லாததால் அது தப்பித்திருந்தது.

அடுத்தது பிஸ்டன். அதை வெளியே எடுக்கப் பலரும் காற்றழுத்தக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லாததால் அந்த வழியை விரும்புவதில்லை. காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். 54 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் முகப்பரப்பு ஏறத்தாழ 23 சதுர சென்டிமீட்டர். கம்ப்ரசரின் 7 பார் அழுத்தத்தில் அதைத் தள்ளும் விசை 160 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டன் திடீரென விடும்போது அந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்படும். நடுவில் விரல் இருந்தால் நசுங்கிப்போகும். பிரேக் குழாயைக் கழற்றுவதற்கு முன்பே, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு, பெடலை மெல்ல மெல்ல மிதித்துத் திரவத்தின் அழுத்தத்தாலேயே அதை வெளியே கொண்டுவருவது பாதுகாப்பானது. திரவம் சுருங்கி விரிவதில்லை என்பதால் பிஸ்டன் பாயாது, நகர்ந்து வரும். பெடலைத் தரைவரை மிதிக்காமல் குறுகிய மிதிகளாக மிதிக்க வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகத் தொடாத பகுதிவரை ரப்பர் போய்வந்தால் அங்கே படிந்திருக்கும் அழுக்கு அதைக் கீறிவிடும். கீழே ஒரு தட்டும் கையில் ஈரத்துணியும் இருக்கட்டும், ஏனெனில் இந்தத் திரவம் பட்ட இடத்தில் வண்டியின் பெயின்ட் உரிந்துவிடும்.

பிஸ்டன் ஓர் இடத்தில் தயங்கி நின்று, பிறகு வெளியே வந்தது. அதன் குரோம் பூச்சில், வெளிமுனையை ஒட்டி, கால் வட்ட அளவுக்குத் துரு அரித்த குழிகள் இருந்தன. அந்தக் குழிகளுக்கு நேரே, தூசு புகாமல் காக்கும் டஸ்ட் பூட் என்னும் ரப்பர் உறையில், ஒரு கிழிசல். திருப்புளியின் நுனி அகலம்தான் அந்தக் கிழிசலின் அகலமும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பிஸ்டனை உள்ளே தள்ளத் திருப்புளியால் நெம்பியது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிழிசல் வழியாக நீரும் தூசும் புகுந்து பிஸ்டனின் வெளிப்பகுதியை அரித்துக்கொண்டிருந்தபோதும் மூன்று ஆண்டுகள் பிரேக் ஏன் ஒழுங்காக வேலை செய்தது என்ற கேள்வி எழும். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே போகிறது. துருப்பிடித்த பகுதி சீலைத் தாண்டி வெளியே இருக்க, சீல் தொடுவது உட்புறத்தின் பளபளப்பான பகுதியை மட்டுமே. புதிய, தடித்த பேடைப் பொருத்துவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் அந்தச் சொரசொரப்பான பகுதி நேராகச் சீலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேடு மாற்றியவுடன் காலிபர் ‘ஜாம்’ ஆவதும், பழி பேடின்மேல் விழுவதும் இதனால்தான்.

சீல் என்று சொன்னால் திரவம் கசியாமல் தடுக்கும் வளையம் என்றுதான் நாம் நினைக்கிறோம். பிஸ்டனைத் திரும்பக் கொண்டுவருவதும் அதுதான். டிரம் பிரேக்கில் இருப்பதுபோல் இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் எதுவும் இங்கே கிடையாது. காலிபரின் துளைக்குள் வெட்டிய பள்ளத்தில் சதுரக் குறுக்குவெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம் அமர்ந்திருக்கிறது. பிஸ்டன் முன்னால் நகரும்போது அதைப் பற்றியிருக்கும் வளையத்தின் உள் விளிம்பும் கூடவே சாய்ந்து வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் அது தன் வடிவத்துக்குத் திரும்புகையில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. இந்த நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பேடு தேய்ந்து, நகர வேண்டிய தூரம் அதைவிடக் கூடினால், பிஸ்டன் சீலின் பிடியில் வழுக்கி ஒரு புதிய இடத்தில் நிற்கும். பேடின் தேய்மானத்துக்கேற்ப பிரேக் தானே சரிசெய்துகொள்வது இவ்வாறுதான். ஒரு ரப்பர் வளையம் மூன்று வேலைகளைச் செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆகவே சீல் விறைத்துப்போனாலோ, அதன் மூலைகள் மழுங்கினாலோ, கசிவு எதுவும் இல்லாமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைவிட நுட்பமான கோளாறு ஒன்று உண்டு. சீல் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் அடியில் துருவும் பழைய திரவத்தின் வண்டலும் படிந்தால், அவை சீலைப் பின்னாலிருந்து பிஸ்டனை நோக்கித் தள்ளும், பிடி இறுகும், வளைந்து திரும்பவும் இடமிருக்காது. புதுச் சீல் மாட்டியும் பழைய கதையே தொடர்கிறது என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் இந்தப் பள்ளத்தைச் சுரண்டியிருக்க மாட்டார்கள். நான் பழைய சீலைப் பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுத்தபின் (இரும்பு ஊசி பள்ளத்தின் விளிம்பைக் கீறும்) கூர்மையாகச் சீவிய மூங்கில் குச்சியால் வட்டமாகச் சுரண்டினேன். கறுப்பாகவும் சிவப்பாகவும் பொடி உதிர்ந்தது. துளையின் வாயிலிருந்த மெல்லிய துருவை மிக நுண்ணிய உப்புத்தாளைப் பிரேக் திரவத்தில் நனைத்து, நெடுக்காக அல்லாமல் வட்டப் போக்கில் தேய்த்து நீக்கினேன். என் காலிபர் வார்ப்பிரும்பு என்பதால் அது முடிந்தது; பாதுகாப்புப் பூச்சிட்ட அலுமினியக் காலிபரில் உப்புத்தாள் ஆகாது. கழுவியதெல்லாம் பிரேக் கிளீனரால்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் மேலே சொன்ன அதே காரணத்தால் ரப்பருக்கு எதிரிகள்.

பிஸ்டனைத் தேய்த்துச் சரிசெய்யலாமே என்று கேட்பார்கள். சீல் வழுக்குவது பிஸ்டனின் மேல்தான், துளையின் சுவரில் அன்று. அதனால் துளையின் சுவரில் சிறு கறையை மன்னிக்கலாம். பிஸ்டனின் மேல் ஒரு குழியையும் மன்னிக்க முடியாது. தேய்த்தால் குரோம் பூச்சு போய் அடியிலுள்ள எஃகு வெளிப்படும், இரண்டு மழைக்காலத்தில் மீண்டும் துரு. புதிய பிஸ்டன்தான் சரி. சில வண்டிகளில் வெப்பத்தைத் திரவத்துக்கு எளிதில் கடத்தாத பீனாலிக் பிசினாலான பிஸ்டன் இருக்கும். அது துருப்பிடிக்காது, ஆனால் நெம்பினால் விளிம்பு சில்லுச் சில்லாக உடையும்.

ஆக, நான் வாங்கியவை ஒரு பிஸ்டன், சீலும் டஸ்ட் பூட்டும் அடங்கிய கிட், இரண்டு பின்கள், கீழ்ப் பின்னுக்கான ரப்பர் உறை, பேடு உட்காரும் கிளிப்புகள், குழாய் போல்ட்டுக்கான இரண்டு செப்பு வாஷர்கள். காலிபரின் உடலை மாற்றவில்லை. சீல் பள்ளத்திலேயே குழி விழுந்திருந்தாலோ, நிப்பிள் முறிந்திருந்தாலோ, மரை தேய்ந்திருந்தாலோ, வார்ப்பில் விரிசல் இருந்தாலோ முழுக் காலிபரையும் மாற்றியிருப்பேன். பின்சக்கரக் காலிபருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக்கின் இயக்கமும் அடங்கியிருந்தால், அதைப் பிரிக்கும் ஆசையை நான் அடக்கிக்கொள்வேன். அத்தகைய பிஸ்டனை நேராகத் தள்ளவே கூடாது, அதற்குரிய கருவியால் சுற்றிக்கொண்டே உள்ளே இறக்க வேண்டும். மின்சாரப் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் மோட்டார் போகும்.

முழுக் காலிபரை மாற்றுகிறவர்கள் இடது வலதைச் சரிபார்க்காமல் பொருத்தக் கூடாது. பல வண்டிகளில் இரண்டும் மாற்றி மாற்றிப் பொருந்திவிடும். மாறிப்போனால் பிளீடர் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

பொருத்துவது பிரிப்பதைவிட விரைவாக முடிந்தது. புதிய சீலைப் புதிய பிரேக் திரவத்தில் நனைத்து, எங்கும் முறுக்கு விழாமல் பள்ளத்தில் உட்காரவைத்து, விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தேன். டஸ்ட் பூட்டைப் பிஸ்டனில் மாட்டி, பூட்டின் வெளி விளிம்பைக் காலிபரின் வாயில் பதித்தபின், இரு கட்டைவிரல்களால் பிஸ்டனை நேராக அழுத்தினேன். முதல்முறை சற்றுக் கோணலாகச் சென்று நின்றுவிட்டது. சுத்தியைத் தேடாமல் வெளியே எடுத்து மீண்டும் நேராக வைத்தபோது சீரான எதிர்ப்போடு இறங்கியது. சுத்தி தேவைப்படுகிறது என்றால் சீல் பிசகியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பின்களுக்குச் சிலிகோன் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவினேன். துளையை நிரப்பும் அளவு தடவினால் காற்றும் கிரீஸும் அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றுபோல் தெரிந்தாலும் ரப்பர் உறை உள்ளது தன் இடத்துக்குத்தான் போக வேண்டும். பிராக்கெட்டில் கிளிப்புகளுக்கு அடியில் பூத்திருந்த துருவைக் கம்பிப் பிரஷால் எடுத்தபிறகே புதிய கிளிப்புகளை வைத்தேன். அந்தத் துரு கிளிப்பைத் தூக்கிவிட்டால் பேடின் காது நகர இடமில்லாமல், புதுப் பிஸ்டனும் புதுப் பின்னும் இருந்தும் பேடு டிஸ்க்கை விட்டு விலகாது. ஒவ்வொரு போல்ட்டையும், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கினேன். பிராக்கெட் போல்ட்டின் அளவு ஸ்லைடு பின் போல்ட்டின் அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. கைக்கணக்கு இங்கே உதவாது.

ஏர் எடுப்பதற்கு வீட்டில் ஒருவரைப் பெடலில் உட்காரவைத்தேன். அவர் மிதித்துப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே காலை எடுக்க, குமிழிகள் நின்று தெளிந்த திரவம் வரும்வரை தொடர்ந்தோம். இடையிடையே மேலே உள்ள கிண்ணம் வற்றாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். பழைய திரவம் தேநீர் நிறத்தில் வந்தது. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியாக இருக்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. டிஸ்க்கே 160 டிகிரியில் வெந்துகொண்டிருந்த என் சக்கரத்தில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. திரவம் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. எனவே நான்கு சக்கரங்களுக்கும் திரவத்தை மாற்றிவிட்டேன்.

வெந்துபோன புதுப் பேடுகளின் முகம் கண்ணாடிபோல் பளபளத்ததால், இரு பக்கங்களுக்கும் சேர்த்து வேறு பேடுகள் போட வேண்டியதாயிற்று. பேடு ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதற்கு உரியது அன்று. வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தேன். பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகளுக்குப் பிரேக் இருக்காது என்பதை மறந்து வண்டியைக் கிளப்பிச் சுவரில் மோதியவர்கள் உண்டு. அதே சாலையில் அதே பத்து கிலோமீட்டர் சென்று அளந்தபோது இடப்பக்கம் 58, வலப்பக்கம் 54.

வலப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று ஆண்டுகளுக்கு முன் இரு பக்கங்களுக்கும் பேடு மாற்றியது ஒரே கை, ஒரே கிரீஸ் டப்பா, ஒரே திருப்புளி. அடுத்த வாரம் அதையும் பிரித்தேன். கீழ்ப் பின்னின் உறை உப்பத் தொடங்கியிருந்தது, இன்னும் இறுகவில்லை. டஸ்ட் பூட்டில் திருப்புளி அழுந்திய தழும்பு ஒன்று இருந்தது, கிழியவில்லை. பிஸ்டனில் ஒரு கறையும் இல்லாததால் அதை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு, மற்றவற்றை மாற்றினேன்.